புரோ டூல்ஸா, லாஜிக்கா, கியூபேஸா, ரீப்பரா: இசைப்பதிவுக்கு எந்த மென்பொருளை வாங்குவது?

கடந்த சில மாதங்களில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் வீணை ஆசிரியை; மாணவிகளுக்கான பாடங்களையும் தாம் வாசிக்கும் சில கீர்த்தனைகளையும் வீட்டிலேயே பதிவு செய்ய விரும்புகிறார். இன்னொருவர் கீபோர்டு வாசிக்கும் இளைஞர். குறும்படங்களுக்கு இசையமைத்துக்கொண்டே திரைத்துறைக்குள் நுழைய வழி தேடுகிறார். மூன்றாமவர் நாகஸ்வரக் குடும்பத்துப் பிள்ளை. தந்தையும் சிற்றப்பாவும் கோயில் திருவிழாக்களில் வாசிப்பதை நல்ல தரத்தில், கருவிக்கு ஒரு டிராக், அதாவது தனி ஒலித்தடமாகப் பிடித்து வைக்க வேண்டும் என்கிறார். “எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?” என்பதுதான் மூவரின் கேள்வியும். மூவருக்கும் நான் சொன்ன விடை வேறு வேறு. அந்த விடைகளுக்குப் பின்னால் உள்ள கணக்கை இங்கே விரித்து எழுதுகிறேன். இதே குழப்பத்தில் இருப்பவர்கள் தங்கள் நிலைமையை இதில் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை அகற்றிவிட வேண்டும். “அந்த மென்பொருளில் ஒலி அழுத்தமாக இருக்கும், இதில் மெலிந்து கேட்கும்” என்று ஸ்டுடியோ வட்டாரத்தில் பலர் சொல்வதுண்டு. இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரே ஒலிக்கோப்புகளை இரண்டு மென்பொருள்களில் ஏற்றி, ஒலியளவையும் இட வலப் பகிர்வு விதியையும் ஒன்றாக அமைத்து, கூடுதலாகச் செருகும் துணை மென்பொருளான பிளகின் எதையும் போடாமல் வெளியே எடுங்கள். பிறகு ஒன்றின் அலையைத் தலைகீழாக்கி மற்றொன்றோடு கூட்டுங்கள். இரண்டும் ஒன்றை ஒன்று அழித்துக்கொண்டு மௌனமே மிஞ்சும். கூட்டலும் பெருக்கலும் எந்த நிறுவனத்தின் மென்பொருளிலும் ஒரே விடையைத்தான் தரும். ஒலியின் தரத்தைத் தீர்மானிப்பவை வாசிப்பவரின் கை, அறை, மைக், அந்த மைக்கை வைத்த இடம் ஆகியவை. ஆகவே ஒலித்தரத்தை அளவுகோலாகவே நான் எடுத்துக்கொள்ளவில்லை.

## எதை வைத்து எடை போடுவது?

கோப்பு யாரிடம் போகப் போகிறது? என் அனுபவத்தில் இதுவே முதல் கேள்வி. நீங்கள் பதிவு செய்து, நீங்களே கலந்து, நீங்களே வெளியிடுவீர்கள் என்றால் எந்த மென்பொருளும் பொருந்தும். ஆனால் பாடகர் ஓர் ஊரிலும் மிக்ஸிங் பொறியாளர் வேறோர் ஊரிலும் இருந்து, திறந்த செஷனாகவே, அதாவது எல்லா டிராக்குகளையும் அமைப்புகளையும் திருத்தக்கூடிய வேலைக்கோப்பாகவே, கைமாற வேண்டும் என்றால், எதிரில் இருப்பவர் வைத்திருக்கும் மென்பொருள்தான் உங்கள் தேர்வையும் தீர்மானிக்கும். ஒரு மென்பொருளின் செஷன் கோப்பை மற்றொன்று பெரும்பாலும் திறக்காது. ஒவ்வொரு டிராக்கையும் பாட்டின் தொடக்கத்திலிருந்து முழு நீள ஒலிக்கோப்பாக எடுத்து அனுப்பினால் எங்கும் திறக்கலாம். ஆனால் வெட்டி ஒட்டிய இடங்களையும், ஒலியளவு ஏற்ற இறக்கங்களையும், பிளகின் அமைப்புகளையும் பெறுபவரால் திருத்த முடியாது.

இசை கிளிக்கோடு, அதாவது கணினி தட்டும் தாள ஒலியோடு, நடக்கிறதா? இந்த மென்பொருள்கள் எல்லாமே நிமிடத்துக்கு இத்தனை அடி என்ற கட்டத்தின் மேல் கட்டப்பட்டவை. மெல்லிசைக்கு அது வசதி. ஆலாபனைக்கும் விருத்தத்துக்கும் அந்தக் கட்டத்தால் பயனே இல்லை. கீர்த்தனையில்கூடக் காலப்பிரமாணம் ஒரு நல்ல மிருதங்கக்காரரின் கையில் உயிரோடு அசையும். கணினியின் கட்டத்துக்கு அது மயிரிழை முன்னும் பின்னுமாகத்தான் நிற்கும். மிஸ்ர சாபு, கண்ட சாபு ஆகியவற்றை ஏழாகவோ ஐந்தாகவோ எண்ணும்படி எல்லா மென்பொருளிலும் அமைத்துவிடலாம், அது சிக்கலே இல்லை. வாசிப்பு கட்டத்தைப் பின்பற்ற வேண்டுமா, கட்டம் வாசிப்பைப் பின்பற்ற வேண்டுமா என்பதே கேள்வி. இரண்டாவதை எந்த மென்பொருள் எளிதாகச் செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஒலி மைக் வழியாக வருகிறதா, விசைப்பலகை வழியாகவா? கீபோர்டும் கணினியும் பேசிக்கொள்ள 1983இல் வெளிவந்த மிடி நெறிமுறை, ஒவ்வொரு ஸ்வரத்தையும் 0 முதல் 127 வரையிலான ஓர் எண்ணாகக் குறிக்கிறது. அதாவது ஸ்தாயிக்குப் பன்னிரண்டு கட்டைகள் கொண்ட விசைப்பலகையின் மொழி அது. கமகத்தை அந்த எண்களுக்கு நடுவில்தான் தேடிப் பிடிக்க வேண்டும். அதற்கான வழி சுருதி வளைப்புச் சக்கரம். அது 16,384 படிகள் கொண்டது, நுணுக்கத்துக்குக் குறைவில்லை. ஆனால் அது ஒரு சானலில் ஒலிக்கும் எல்லா ஸ்வரங்களையும் ஒன்றாக வளைக்கிறது. வழக்கமான அமைப்பில் மேலே இரண்டு அரைச்சுருதி, கீழே இரண்டு அரைச்சுருதி வரைதான் போகும். ஸ்வரத்துக்கு ஒரு சானல் ஒதுக்கித் தனித்தனியே வளைக்கும் விரிவாக்கம் பின்னால் வந்தது. கீபோர்டிலேயே கமகம் வாசிப்பவர்கள், தாங்கள் வாங்கும் மென்பொருள் அதை எப்படிக் கையாள்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும்.

கையில் என்ன கணினி இருக்கிறது? ஐந்தாண்டில் மொத்தச் செலவு எவ்வளவு? இவை இரண்டும் உண்மையில் ஒரே கேள்வி. விலைப்பட்டியலில் இருக்கும் எண்ணை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். வெளிநாட்டிலிருந்து வாங்கும் மென்பொருளுக்கு இந்தியாவில் 18 விழுக்காடு சரக்கு சேவை வரி சேரும். அட்டையில் செலுத்தினால் நாணய மாற்றுக் கட்டணமும் சேரும். கீழே நான் தரும் விலைகள் நிறுவனங்கள் டாலரில் அறிவித்த பட்டியல் விலைகள். தள்ளுபடிக் காலங்களில் குறையும், அவ்வப்போது ஏறும்.

## புரோ டூல்ஸ்

இதன் கதையைத் தெரிந்துகொண்டால் இதன் பலமும் பலவீனமும் தாமே விளங்கும். 1984இல் கலிபோர்னியாவில் பீட்டர் காட்சர், எவன் புரூக்ஸ் என்ற இரு நண்பர்கள் தாள இயந்திரங்களுக்கான ஒலிச் சில்லுகளைச் செய்து விற்கத் தொடங்கினார்கள். அந்தத் தொழில் வளர்ந்து டிஜிடிசைன் நிறுவனமாகி, 1989இல் சவுண்ட் டூல்ஸ் என்ற ஒலித்தொகுப்புக் கருவியையும், 1991இல் நான்கே டிராக்குகள் கொண்ட முதல் புரோ டூல்ஸையும் வெளியிட்டது. அப்போது அதன் விலை ஏறத்தாழ 6,000 டாலர். பிற்பாடு படத்தொகுப்புக் கருவிகள் செய்யும் ஏவிட் நிறுவனம் அதை வாங்கியது. 2010இல் ஒன்பதாம் பதிப்பு வரும் வரையில் முழுமையான புரோ டூல்ஸ் ஓட வேண்டும் என்றால் அந்த நிறுவனமோ அதன் துணை நிறுவனமோ செய்த வன்பொருள் இருந்தே ஆக வேண்டும். பெரிய ஸ்டுடியோக்கள் பெரும்பணம் போட்டு அந்த வன்பொருளை வாங்கின. பொறியாளர்கள் அதிலேயே பழகினார்கள். அடுத்த தலைமுறையை அதிலேயே பழக்கினார்கள். இன்று அது தொழிலின் பொது மொழியாக இருப்பதற்குக் காரணம் இந்த வரலாறு.

டேப்பில் பதிவு செய்த காலத்தின் வேலைமுறையை அப்படியே கணினிக்குக் கொண்டுவந்தது இதன் தனிச்சிறப்பு. பாடகர் ஒரே பாட்டைப் பத்து டேக், அதாவது பத்து முறை, பாடுகிறார், பல்லவி மூன்றாவது டேக்கிலிருந்து, சரணத்தின் முதல் வரி ஏழாவதிலிருந்து, மூச்சு வாங்கும் இடம் இரண்டாவதிலிருந்து என்று பொறுக்கி ஒட்ட வேண்டும் என்றால், பழகிய பொறியாளர் சுட்டியைத் தொடாமல் விசைப்பலகையிலேயே அதை முடித்துவிடுவார். பாடகர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காத்திருக்கும்போது இந்த வேகத்துக்கு மதிப்பு அதிகம். படத்தோடு பொருத்தி வேலை செய்வதிலும், திரைப்படத்தின் இறுதிக் கலவைக்கு ஒப்படைப்பதிலும் இதுவே வழக்கமான பாதை.

குறைகளும் உண்டு. மிடியில் இசையமைப்பதற்கு லாஜிக்கும் கியூபேஸும் தரும் வசதி இதில் இல்லை. ஏஏஎக்ஸ் என்ற ஒரே பிளகின் வடிவத்தைத்தான் ஏற்கும். மற்ற மென்பொருள்களில் ஓடும் இலவசப் பிளகின்களில் பல அந்த வடிவத்தில் கிடைப்பதில்லை. உரிமத்தைச் சரிபார்க்கும் ஐலாக் சேவையில் கணக்கு வேண்டும். எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது சந்தா. 32 ஒலி டிராக்குகள் கொண்ட ஆர்டிஸ்ட் பதிப்புக்கு ஆண்டுக்கு 99 டாலர், 512 டிராக்குகள் கொண்ட ஸ்டுடியோ பதிப்புக்கு ஆண்டுக்கு 299 டாலர் என்ற விலையில், ஸ்டுடியோ பதிப்பை ஐந்தாண்டு வைத்திருக்க ஏறத்தாழ 1,500 டாலர் ஆகும். கட்டணத்தை நிறுத்திவிட்டால் உங்கள் பழைய செஷன்களை முழுமையாகத் திறந்து வேலை செய்ய முடியாது. ஒருவரின் பத்தாண்டு உழைப்பு சந்தாக் கட்டணத்துக்குப் பிணையாக இருப்பது எனக்கு ஒப்பவில்லை. ஆயினும் அந்தக் கட்டணத்தைக் கட்டித்தான் வருகிறேன், ஏனெனில் எனக்கு வேலை தரும் ஸ்டுடியோக்கள் இந்தக் கோப்புகளைத்தான் கேட்கின்றன.

வாங்கத் தகுந்தவர்கள்: ஸ்டுடியோவில் உதவிப் பொறியாளராகச் சேர நினைப்பவர்கள், திரைப்பட ஒலிப்பணிக்குப் போகிறவர்கள், செஷனைத் திறந்தபடியே கைமாற்ற வேண்டியவர்கள். வீட்டில் பழகிப் பார்க்க, எட்டு ஒலி டிராக்குகள் கொண்ட இலவச இன்ட்ரோ பதிப்பு போதும்.

## லாஜிக் புரோ

ஜெர்மனியின் இமேஜிக் நிறுவனம் உருவாக்கிய இந்த மென்பொருளை ஆப்பிள் 2002இல் வாங்கியது. வாங்கியதும் விண்டோஸ் பதிப்பை நிறுத்தியது. ஆகவே முதல் நிபந்தனை மேக் கணினி. அது ஏற்கெனவே இருப்பவர்களுக்கு, விலைக்குக் கிடைக்கும் பொருளில் இதற்கு ஈடு இல்லை என்றே சொல்வேன். 2013 முதல் 199.99 டாலருக்கு விற்கப்படுகிறது. அன்று வாங்கியவர்களிடம் அதற்குப் பின் வந்த பெரிய மேம்பாடுகளுக்கு மீண்டும் பணம் கேட்கப்படவில்லை. இசைக்கருவி ஒலிகளும், திரும்பத் திரும்ப ஒலிக்கும் லூப் துண்டுகளும் சேர்ந்து முழுத் தொகுப்பு எழுபது ஜிபிக்கு மேல் போகும். பியானோ, தந்திக் கூட்டம், சிந்தசைசர்கள் என்று தனியே வாங்கினால் மென்பொருளின் விலையைப் பல மடங்கு தாண்டும் பொருள்கள் அதில் உள்ளன. 90 நாள் இலவசச் சோதனையும் உண்டு.

2018இல் வந்த ஸ்மார்ட் டெம்போ வசதி நம் இசைக்கு உண்மையில் உதவுகிறது. கிளிக் இல்லாமல் வாசித்த கீர்த்தனையைப் பதிவு செய்தால், வாசிப்பின் அடிகளைத் தானே கண்டறிந்து, கட்டத்தை அதற்கேற்ப நெளித்துத் தரும். பின்னால் ஒரு தந்திப் பின்னணியைச் சேர்க்க நினைத்தால் அந்தக் கட்டத்தைப் பின்பற்றலாம். அது கண்டறிந்த அடிகள் எப்போதும் சரியாக இருப்பதில்லை. எடுப்பு தாளத்தின் முதல் அடியில் விழாத பாடல்களில் அந்த அடி (சமம்) எங்கே என்று தெரியாமல் தடுமாறும், கையால் திருத்த வேண்டும். என்றாலும் தொடக்கத்திலிருந்து கையாலேயே கட்டுவதைவிட வேலை பாதியாகிறது.

மறைந்திருக்கும் செலவு கணினியில் இருக்கிறது. இன்றைய மேக்குகளில் நினைவகத்தைப் பின்னால் கூட்ட முடியாது. வாங்கும் நாளிலேயே தீர்மானித்துவிட வேண்டும், கூடுதல் நினைவகத்துக்கு ஆப்பிள் வசூலிக்கும் தொகையும் அதிகம். அந்தப் பணத்தை மிச்சப்படுத்த, உள் சேமிப்பைக் குறைந்த அளவில் வாங்கி, ஒலித்தொகுப்பை வெளி எஸ்எஸ்டியில் வைத்துக்கொள்வது நடைமுறையில் நன்றாக ஓடுகிறது. லாஜிக்கின் புதிய பதிப்புகள் புதிய இயங்குதளத்தைக் கேட்கும், புதிய இயங்குதளம் ஒரு கட்டத்தில் பழைய கணினியைக் கைவிடும். இந்தச் சங்கிலியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வாங்கத் தகுந்தவர்கள்: மேக் வைத்திருக்கும் இசையமைப்பாளர்கள், பாடலாசிரியராகவும் பாடகராகவும் தனியே வேலை செய்பவர்கள். விண்டோஸ் கணினியைத் தூக்கிப் போட்டுவிட்டு இதற்காகவே மேக் வாங்குவது எல்லோருக்கும் தேவையில்லாத செலவு.

## கியூபேஸ்

ஹாம்பர்க் நகரின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1989இல், மிடி துளைகளைத் தன்னுள்ளேயே கொண்டிருந்த அட்டாரி எஸ்டி கணினிக்காக வெளியிட்டது இது. இன்று நாம் சாதாரணமாகப் புழங்கும் வி.எஸ்.டி. பிளகின் வடிவம் 1996இல் இதே நிறுவனத்திலிருந்துதான் வந்தது. விண்டோஸில் மிகக் குறைந்த தாமதத்தோடு பதிவு செய்ய உதவும் ஏசியோ இயக்கியும் அவர்களுடையதே. விண்டோஸ் கணினியில் இசை எழுதுபவர்களுக்கு முதலில் நான் காட்டும் கதவு கியூபேஸ். தந்திக் கூட்டத்துக்கு வில்லின் நீண்ட இழுப்பு, குறுகிய வெட்டு, விரல் மீட்டல் ஆகியவற்றை ஸ்வரத்துக்கு ஸ்வரம் மாற்றி எழுதும் வசதி இதில் பக்குவமாக அமைந்திருக்கிறது. ஸ்வரத்துக்கு ஸ்வரம் தனித்தனியே வளைவு எழுதும் வசதியும் இருப்பதால், பொறுமையுள்ளவர்களால் கமகத்தை இதில் வரைந்துவிட முடியும்.

எலிமெண்ட்ஸ், ஆர்டிஸ்ட், புரோ என்று மூன்று படிகளில் விற்கிறார்கள். எலிமெண்ட்ஸ் ஏறத்தாழ 100 டாலர், புரோ 580 டாலர் அளவில். ஒரு முறை வாங்கினால் உங்களுடையது. ஆனால் புதிய பெரிய பதிப்புகள் அடிக்கடி வரும், ஒவ்வொன்றுக்கும் மேம்பாட்டுக் கட்டணம் உண்டு. கட்டாமல் பழையதிலேயே இருக்கலாம், கோப்புகள் பூட்டப்படுவதில்லை. சந்தாவுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு அதுவே. யு.எஸ்.பி. பூட்டுச்சாவி தேவைப்பட்ட காலம் 2022இல் பன்னிரண்டாம் பதிப்போடு போய்விட்டது. குறைந்த படியில் வாங்கிய பலர் ஓராண்டுக்குள் அடுத்த படிக்கு ஏற வேண்டிய நிலை வருவதைப் பார்த்திருக்கிறேன். தேவை தெளிவாக இருந்தால் தள்ளுபடிக் காலம் வரை காத்திருந்து நேரே புரோ வாங்குவது சிக்கனம்.

இங்கே சுருதித் திருத்தம் பற்றிச் சற்று நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் கியூபேஸ் புரோ, லாஜிக் இரண்டும் அதை உள்ளேயே தருகின்றன, பலர் அதற்காகவே வாங்குகிறார்கள். எண்ணெய் வளம் தேட நில அதிர்வலைகளை ஆராய்ந்து வந்த ஆண்டி ஹில்டபிராண்ட் என்பவர், அந்தக் கணிதத்தைப் பயன்படுத்தி 1997இல் ஆட்டோ டியூன் என்ற கருவியை வெளியிட்டார். பின்னால் வந்த இத்தகைய கருவிகளுக்கு அதுவே முன்னோடி. இவை பொதுவாகப் பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களை நிலையான புள்ளிகளாகக் கொண்டு, குரல் அந்தப் புள்ளியிலிருந்து விலகினால் அதைப் பிழை என்று கருதி இழுத்து நிறுத்துகின்றன. தோடியின் காந்தாரம் அப்படி ஒரு புள்ளியில் நிற்பதே இல்லை. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையில் அசைவதுதான் அந்த ஸ்வரம். அதைத் திருத்தியதும் ராகமே போய்விடும். ஒரு தனிப்பாடல் தொகுப்பில் இதைச் செய்து கொண்டுவந்ததைக் கேட்டபோது, பாடியவருக்கே தம் குரல் அடையாளம் தெரியவில்லை. வீணையானாலும் குரலானாலும், தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிட்டு, உண்மையில் வழுவிய ஓரிரு ஸ்வரங்களை மட்டும் காதால் கேட்டுக் கையால் நகர்த்துங்கள். அதைவிட அந்த வரியை மீண்டும் ஒரு முறை பாட வைப்பது இன்னும் நல்லது.

## ரீப்பர்

வின்ஆம்ப் என்ற பாட்டுக் கேட்கும் மென்பொருளை எழுதிய ஜஸ்டின் ஃபிராங்கல், பின்னர் காக்கோஸ் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கி 2005 முதல் வளர்த்து வருவது ரீப்பர். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இறக்கும் கோப்பு மிகச் சிறியது. பழைய மடிக்கணினியிலும் முனகாமல் ஓடுகிறது. சொந்தப் பயன்பாட்டுக்கும், ஆண்டு வருவாய் 20,000 டாலருக்குக் குறைவான தொழிலுக்கும் 60 டாலர். அதற்கு மேல் போனால் 225 டாலர். ஒரு உரிமம் இரண்டு முழுப் பதிப்புகளுக்குச் செல்லும். ஐந்தாம் பதிப்பு 2015இலும், ஆறாவது 2019இலும், ஏழாவது 2023இலும் வந்தன என்பதைப் பார்த்தால், ஒரு முறை கட்டிய பணம் ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்கு வரும். 60 நாள் சோதனைக் காலத்துக்குப் பிறகும் மென்பொருள் பூட்டிக்கொள்வதில்லை, நினைவூட்டல் மட்டுமே தோன்றும். அந்த நம்பிக்கைக்கு மதிப்பளித்துப் பணம் கட்டிவிடுங்கள். இவ்வளவு நேர்மையாக விற்பவர்கள் இந்தத் துறையில் அதிகம் இல்லை.

கச்சேரியைப் பிடிப்பதற்கு இதையே நான் கொண்டுபோகிறேன். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மோனோ டிராக் நிமிடத்துக்கு 8.64 எம்பி இடம் எடுக்கும். பதினாறு மைக் வைத்து மூன்று மணிநேரம் பிடித்தால் ஏறத்தாழ 25 ஜிபி. மேடையில் உள்ள டிஜிட்டல் மிக்ஸரின் யு.எஸ்.பி. கம்பியை மடிக்கணினியில் செருகி, டிராக்குகளைத் தயார் நிலையில் வைத்து, பதிவை அழுத்திவிட்டு உட்கார்ந்தால், மங்களம் பாடும் வரையில் அது பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருக்கும். நீண்ட பதிவைத் தனித்தனிப் பாடல்களாகப் பிரித்து ஒரே கட்டளையில் வெளியே எடுக்கும் வசதி, இரவு இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து கோப்பு அனுப்ப வேண்டியவர்களுக்குத்தான் அருமை தெரியும்.

இதன் மறைந்த விலை நேரம். நிறுவிய உடனே சொல்லிக்கொள்ளும்படியான கருவி ஒலிகள் எதுவும் இருக்காது. பியானோவோ தந்திக் கூட்டமோ வேண்டும் என்றால் நீங்களே தேடிச் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் மாற்றியமைக்கலாம் என்பதால் எதை மாற்றுவது என்ற மலைப்பு வரும். முதல் சில வாரங்கள் இசையைவிட அமைப்புகளோடுதான் போகும். கீபோர்டில் தொடங்கி இசையமைப்பவர், ஒலித்தொகுப்புகளுக்குச் செலவிடப்போகும் பணத்தையும் கூட்டிப் பார்த்தால், மேக் உள்ள வீட்டில் லாஜிக்கே மலிவு என்ற முடிவுக்கு வரலாம். பொறியாளர் பலர் சொந்த வேலைக்கு இதைப் பயன்படுத்தினாலும், வாடகை ஸ்டுடியோவுக்கு ரீப்பர் செஷனைக் கொண்டுபோனால் அங்கே திறப்பதற்கு மென்பொருள் இருக்கும் என்று நம்ப முடியாது.

## ஏபிள்டன் லைவும் எஃப்எல் ஸ்டுடியோவும்

இவை இரண்டும் வேறு வகை இசைக்குப் பிறந்தவை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2001இல் பெர்லினில் வெளிவந்த லைவ், மேடையில் லூப்களை ஏற்றியும் இறக்கியும் வாசிப்பதற்கானது. அந்த வேலையில் இதற்கு நிகர் இல்லை. பன்னிரண்டு சம அரைச்சுருதிகளைத் தாண்டிய சுருதி முறைகளை 2024இன் பன்னிரண்டாம் பதிப்பு நேரடியாக ஏற்கிறது என்பது சோதனை முயற்சிகள் செய்பவர்களுக்கு நல்ல செய்தி. பெல்ஜியத்தின் எஃப்எல் ஸ்டுடியோ தாளக் கோர்வைகளை அடுக்கி ஹிப்ஹாப், நடன இசை செய்பவர்களுக்கு விரைவானது. ஒரு முறை வாங்கினால் ஆயுள் முழுவதும் மேம்பாடு இலவசம். ஆனால் அதன் மிகக் குறைந்த விலைப் பதிப்பில் குரலை ஒலி டிராக்காகப் பதிவு செய்ய முடியாது. இதைக் கவனிக்காமல் வாங்கியவர்களை அறிவேன். கர்நாடக இசைப் பதிவுக்கு இவ்விரண்டையும் நான் பரிந்துரைப்பதில்லை.

## ஒரே பார்வையில்

| | புரோ டூல்ஸ் | லாஜிக் புரோ | கியூபேஸ் | ரீப்பர் |
|---|---|---|---|---|
| கணினி | மேக், விண்டோஸ் | மேக் மட்டும் | மேக், விண்டோஸ் | மேக், விண்டோஸ், லினக்ஸ் |
| கட்டணம் | ஆண்டுச் சந்தா | ஒரு முறை, 199.99 டாலர் | ஒரு முறை, மேம்பாட்டுக்குத் தனி | ஒரு முறை, 60 அல்லது 225 டாலர் |
| கூடவே வரும் ஒலிகள் | ஓரளவு | மிக அதிகம் | நல்ல அளவு | இல்லை என்றே சொல்லலாம் |
| மிடி இசையமைப்பு | சுமார் | மிக நன்று | மிக நன்று | முடியும், உழைப்பு வேண்டும் |
| டேக் பொறுக்கி ஒட்டுதல் | மிக விரைவு | நன்று | நன்று | நன்று |
| கிளிக் இல்லாத இசை | கையால் கட்ட வேண்டும் | தானே கண்டறியும் | கண்டறியும், திருத்தம் வேண்டும் | கையால் கட்ட வேண்டும் |
| பெரிய ஸ்டுடியோவில் திறக்குமா | ஆம் | சில இடங்களில் | சில இடங்களில் | அரிது |
| மறைந்த செலவு | சந்தா, பிளகின் வடிவம் | கணினி, நினைவகம் | படி ஏற்றம் | நேரம், ஒலித்தொகுப்பு |

## எதை வாங்கினாலும் கூட வரும் செலவு

மென்பொருளுக்கு ஒதுக்கும் பணத்தைவிட அதிகமாக, மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு நல்ல மைக், காதை மூடும் ஹெட்ஃபோன், அறைக்குள் எதிரொலியை அடக்கக் கனமான திரைகள் ஆகியவற்றுக்கு ஒதுக்குங்கள். கணினியிலேயே உள்ள ஒலித்துளையில் மைக்கைச் செருகிப் பதிவு செய்தால், பாடும் குரல் ஹெட்ஃபோனில் தாமதமாகத் திரும்பி வந்து பாடுபவரைக் குழப்பும். கணினி ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் இடையகம் (பஃபர்) 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிளாக இருந்தால் 2.7 மில்லிவினாடி ஆகும். 1,024 ஆக இருந்தால் 21 மில்லிவினாடி, போகவும் வரவும் சேர்த்து அதன் இரு மடங்கு. துரித காலத்தில் கல்பனாஸ்வரம் பாடுபவர் அந்த இடைவெளியில் தாளத்தை விட்டுவிடுவார். பதிவின்போது இடையகத்தைக் குறைத்தும் கலவையின்போது கூட்டியும் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு செலவு பாதுகாப்பு. சில ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கியிருந்த ஒரு பிளகினின் நிறுவனம் அதைக் கைவிட்டுவிட்டது. புதிய இயங்குதளத்தில் அது ஓடவில்லை. ஒரு பக்திப் பாடல் தொகுப்பின் செஷனைத் திறந்தபோது குரலின் பாதி ஒலிநயம் காணாமல் போயிருந்தது. அப்போதிருந்து, ஒரு வேலை முடிந்ததும் எல்லா டிராக்குகளையும், பிளகின் சேர்த்து ஒரு முறையும் சேர்க்காமல் ஒரு முறையும், சாதாரண ஒலிக்கோப்புகளாக எடுத்து இரண்டு வெவ்வேறு வட்டுகளில் வைக்கிறேன். ஐந்து நிமிடப் பாடலில் 24 மோனோ டிராக் என்றால் ஒரு தொகுப்புக்கு ஏறத்தாழ 1 ஜிபி; அந்த இடத்துக்கான செலவு மிகச் சிறியது.

எதையும் வாங்காமல் இருப்பதும் ஒரு தேர்வே. ஆண்டுக்கு ஓரிரு பாடல்கள் மட்டும் பதிவு செய்பவர், நல்ல அறையும் பழகிய பொறியாளரும் உள்ள ஸ்டுடியோவை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்தால், அதே பணத்தில் மேலான பதிவு கிடைக்கும். வாசிப்பில் செலுத்த வேண்டிய கவனத்தைக் கணினியில் செலுத்தி இரண்டையும் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்து நான் வருந்தியிருக்கிறேன்.

## அந்த மூவருக்கும் சொன்னது

வீணை ஆசிரியையிடம் ஏற்கெனவே மேக் மடிக்கணினி இருந்தது. ஆயினும் லாஜிக்கை உடனே வாங்க வேண்டாம் என்றேன். மேக்கில் இலவசமாகக் கிடைக்கும் கராஜ்பேண்ட் ஒரு வீணையையும் தம்புராவையும் பதிவு செய்யத் தாராளமாகப் போதும். லாஜிக்கின் விலையை மைக்கில் போடச் சொன்னேன். பாடங்கள் பெருகி, மிருதங்கமும் சேரும் நாளில் லாஜிக்குக்கு மாறினால், கராஜ்பேண்டில் செய்தவை அதில் அப்படியே திறக்கும்.

கீபோர்டு இளைஞரிடம் விண்டோஸ் கணினி. இசை எழுதக் கியூபேஸ், கூடவே புரோ டூல்ஸின் இலவச இன்ட்ரோ பதிப்பில் வாரம் இரண்டு மணிநேரப் பழக்கம் என்று சொன்னேன். எழுதுவது ஒன்றில், ஒப்படைப்பது மற்றொன்றில் என்பது திரையிசையில் பலர் நடத்தும் வழக்கம்தான். இசையமைப்பாளரின் உதவியாளராக அழைப்பு வரும் நாளில், அங்கே உள்ள மென்பொருளைக் கண்டு அவர் தயங்கி நிற்கக் கூடாது.

நாகஸ்வரக் குடும்பத்துப் பிள்ளையிடம் இருந்தது ஏழு வயதான விண்டோஸ் மடிக்கணினி. அவருக்கு ரீப்பர் தவிர வேறு எதையும் நான் யோசிக்கவே இல்லை. உள்ளீட்டு அளவைத் தாழ்வாக வைத்து, மிகையொலியைத் தாங்கும் டைனமிக் மைக் ஒன்றை நாகஸ்வரத்தின் அணைசுக்கு (கீழ் நுனியின் விரிந்த வாய்க்கு) நேரே வைக்காமல் சற்று விலக்கி, விரல் துளைகளைப் பார்க்கும்படி வைக்கச் சொன்னேன். தவிலுக்கு இரு பக்கமும் இரண்டு மைக். சோதனைக் காலத்துக்குள் வரும் ஒரு சுவாமி புறப்பாட்டில் முதல் பதிவைச் செய்துவிட்டுக் கோப்புகளை எனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். மல்லாரி எப்படி வந்திருக்கிறது என்று கேட்கக் காத்திருக்கிறேன்.